பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் பயிற்சி: குமரி மாவட்டத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அதனால் என்ன பயன்?

வேளிமலை எழுதியது:

கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், புதியவர்களுக்கான கார் ஓட்டும் பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டு திரும்பியிருக்கிறேன். நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து நண்பர்கள் பலர் தனித்தனியே விசாரிப்பதால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

பந்தயத் தடம் என்றதும் எல்லோரும் வேகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். காலைப் பொழுது முழுவதும் எங்களுக்குக் கற்றுத்தந்தது பிரேக் மிதிப்பதை. ஆண்டுக்கணக்கில் கார் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூட பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்ததில்லை. மிதிக்க வேண்டிய நாள் வரும்போது கால் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில்தான் விபத்து நடக்கிறது.

பயிற்சி எளிமையானது. நேரான பகுதியில் இரண்டு வரிசையாகக் கூம்புகளை வைத்திருப்பார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முதல் கூம்பைத் தொடும் இடத்தில் பிரேக்கை அடிவரை மிதிக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இருப்பார். வந்திருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் செய்தது ஒன்றுதான்: முதலில் மெதுவாக மிதிப்பது, கார் நிற்காது என்று தோன்றியபின் அழுத்துவது. அதற்குள் கூம்புகள் பல பின்னால் போய்விடுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு வேலை செய்யத் தொடங்கியதும் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்கிவிடாதபடி அந்த அமைப்பு நொடிக்குப் பல முறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. காலை அழுத்தியபடியே வைத்திருந்தால் ஸ்டீயரிங் கடைசிவரை நம் சொல் கேட்கும். அடுத்த சுற்றில் இதையே கொஞ்சம் மாற்றினார்கள்: பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டே, நடுவில் நிற்கும் கூம்புகளைத் தவிர்த்து வலப்புறமோ இடப்புறமோ திருப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதை உடம்பால் உணர்ந்தால்தான் நம்புவோம்.

வேகமும் நிற்கும் தூரமும் எப்படிச் சேர்ந்து வளர்கின்றன என்பதையும் கண்ணால் பார்த்தோம். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்று வைத்துக்கொண்டால் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 8 மீட்டர் ஓடும். 60இல் 18 மீட்டர், 80இல் 32 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. இதில் நாம் சுதாரிக்கும் நேரம் சேரவில்லை. 60இல் ஒரு நொடி தாமதித்தால் பிரேக்கைத் தொடும் முன்பே கார் 17 மீட்டர் போயிருக்கும்.

பிற்பகலில் வளைவுகள். அதைக் கேட்கிறவர்களுக்குப் பிறகு சொல்கிறேன்.

முப்பந்தல் எழுதியது:

அண்ணா, தடத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர்? முழு வேகத்தில் ஓட்ட விட்டார்களா?

வேளிமலை எழுதியது:

தம்பி, சுற்று இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் சென்னைத் தடம் 3.7 கிலோமீட்டர், நீளம் கூடியது, வேகமும் கூடியது. புதியவர்களுக்குச் சிறிய தடமே நல்லது என்பது என் எண்ணம். வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் செய்த தவறை அடுத்த சுற்றிலேயே திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது.

தடத்துக்குப் பெயர் தந்தவர் எஸ். கரிவர்தன். ஃபார்முலா மாருதி என்ற எளிய பந்தயக் காரை உருவாக்கி, பெரும் பணம் இல்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர வழி செய்தவர். 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை இன்றும் மோட்டார் பந்தயத்தின் ஊராக இருப்பதற்கு அவர் போட்ட அடித்தளம் பெரிய காரணம்.

முழு வேகம் யாருக்கும் தரவில்லை. பயிற்சியாளர் போகும் காரின் பின்னால்தான் ஓட்டினோம். முந்துவதற்கும் அனுமதி இல்லை. அப்படி வைத்ததுதான் சரி.

பேச்சிப்பாறை எழுதியது:

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை, கோதையாறு என்று மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவன். தம்பி எழுதியதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. பந்தயத் தடத்தில் ஆடு குறுக்கே வருமா? வீட்டு முற்றத்திலிருந்து சைக்கிளில் குழந்தை இறங்குமா? சந்திலிருந்து ஸ்கூட்டர் திரும்புமா? பிரேக்கை அடிவரை மிதிக்கும் நிலைக்கு ஓட்டுநர் வந்துவிட்டார் என்றாலே அதற்கு முன்னால் அவர் எதையோ பார்க்கத் தவறிவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். நிறுத்தத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே யார் குறுக்கே ஓடுவார் என்று கணித்துவிட வேண்டும். மலையிறக்கத்தில், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, கீழே வரும்போது பிரேக்கே இருக்காது. இந்தப் பாடத்தை எந்தத் தடமும் தராது.

வேளிமலை எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். முன்கூட்டிப் பார்க்கும் அந்தக் கண் பயிற்சி வகுப்பில் வராது, சாலையில்தான் வரும். ஆனால் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பார்வைக்கு எட்டாத ஒன்று இருக்கத்தான் செய்யும். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே சாலையோரச் சுவர்களும் வாழைத்தோட்டங்களும் சந்துகளை மறைத்து நிற்கின்றன. அங்கே திடீரென்று ஒருவர் வந்துவிட்டால் மிச்சமிருப்பது கால் மட்டும்தான். அதைப் பழக்கிவைக்க வேறு இடம் நமக்கு இல்லை.

பிரேக் சூடேறுவதை அங்கேயும் பார்த்தோம். சில சுற்றுகள் கடுமையாக ஓட்டியபின் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் ஆற வேண்டும். வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கொதிக்கும் உலோகத்தைப் பட்டைகள் கவ்விக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார்கள்.

வெட்டூர்ணிமடம் எழுதியது:

ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் பிரேக் ஆயிலைப் பற்றி இங்கே எழுதியே ஆக வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதியதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதுவே 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205 இருந்தது 140 ஆகும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடலை மிதித்தால் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிறது, கடற்காற்றும் ஓயாது. அப்படியிருந்தும் என்ஜின் ஆயிலை உரிய நாளில் தவறாமல் மாற்றுகிறவர்கள் பிரேக் ஆயிலைக் கார் வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தடத்துக்குச் சொந்தக் காரைக் கொண்டுபோகிறவர்கள் போகும் முன் கட்டாயம் மாற்றுங்கள். டயரின் வயதையும் பக்கவாட்டில் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும்.

மணிமேடை எழுதியது:

சொந்தக் கார் என்றதும் இன்னொன்று. காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தில் வாகனத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பகுதி வரும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவை அதில் விலக்கப்பட்டிருக்கும். பயிற்சி வகுப்பு பந்தயம் அல்ல என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் தடத்தில் கார் சுவரில் மோதிய பிறகு நடத்த வேண்டிய வாதம் அல்ல அது. முன்கூட்டியே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இல்லையென்றால் பயிற்சிப் பள்ளியின் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காருக்குச் சேதமானால் யார் பொறுப்பு என்று கையெழுத்திடும் படிவத்தில் இருக்கும். ஒரு வரி விடாமல் படியுங்கள்.

குழித்துறைக்காரன் எழுதியது:

நான் இந்த வகுப்புகளை ஆதரிக்கவில்லை. நேராகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளையை இழந்திருக்கிறோம். காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலை அகலமாகக் கிடக்கிறது. தடத்தில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வரும் இருபது வயதுப் பையன் அந்தச் சாலையைப் பார்த்ததும் என்ன செய்வான்? தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பான். தெரியாதவனுக்கு இருக்கும் பயம்கூட அவனுக்கு இருக்காது. பணம் கட்டி அந்தத் துணிச்சலை வாங்கித்தர வேண்டுமா?

வேளிமலை எழுதியது:

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். உங்கள் கேள்வி நியாயமானது; சில பயிற்சிகள் இப்படியொரு விளைவைத் தருவதும் உண்மை. வழுக்கும் தரையில் காரைச் சுழலவிட்டு மீட்கக் கற்றுத்தரும் வகுப்புகள் இளைஞர்களிடம் அளவு மீறிய நம்பிக்கையை வளர்க்கின்றன என்று வெளிநாட்டு ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். அதனால் எந்த வகுப்பு என்பதைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். சறுக்கி விளையாடவும் நேரம் குறித்துப் போட்டி போடவும் விடும் இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். முதல் பாதி முழுவதும் பிரேக், பார்வை, உட்காரும் முறை என்று போகும் வகுப்பாக இருக்க வேண்டும்.

நான் பார்த்த இளைஞர்களிடம் நேர்ந்த மாற்றம் வேறு வகையானது. 60இல் நிறுத்திய அதே கூம்பில் 80இல் நிறுத்திக் காட்டச் சொன்னார்கள். ஒருவராலும் முடியவில்லை. கூம்பைத் தாண்டிப் பாதித் தூரத்தில் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கூம்புக்குப் பதில் ஒரு மனிதர் இருந்திருந்தால் என்று பயிற்சியாளர் கேட்டபோது யாரும் பேசவில்லை.

மணிமேடை எழுதியது:

குழித்துறைக்காரர் சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு, 10,000 ரூபாய் வரை. பெற்றோர் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

தக்கலை டீச்சர் எழுதியது:

எல்லோரும் இளைஞர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள் போகலாமா? பள்ளிக்குத் தினமும் காரில்தான் போகிறேன். எதிரே கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய பெரிய லாரி வந்தால் கை இறுகிவிடுகிறது. உயரமும் குறைவு. பெண்கள் யாராவது வந்திருந்தார்களா?

வேளிமலை எழுதியது:

டீச்சர், கட்டாயம் போங்கள். எங்கள் குழுவில் பெண்கள் இருந்தார்கள். பிரேக் பயிற்சியில் அவர்களே நன்றாகச் செய்தார்கள். பயிற்சியாளர் சொன்னதைச் சொன்னபடி செய்ததுதான் காரணம்.

உயரத்தைப் பற்றிய கவலைக்கு வகுப்பின் முதல் பாடமே விடை. கிளட்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை முன்னே இழுக்க வேண்டும். பிறகு முதுகு முழுதும் சாய்மானத்தில் பட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். உள்ளங்கை மட்டும் எட்டுகிறது என்றால் சாய்மானம் அதிகம் சாய்ந்திருக்கிறது. இருக்கையை உயர்த்தும் வசதி இருந்தால் உயர்த்திக்கொள்ளுங்கள். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் இருக்கட்டும். இதை இன்றே உங்கள் காரில் செய்து பார்க்கலாம்.

கை இறுகுவது பார்வையால் வருகிறது. லாரியைப் பார்த்தால் கார் லாரியை நோக்கியே போகும். நாம் போக வேண்டிய இடைவெளியை, அதாவது நம் பக்கத்துச் சாலையில் லாரிக்கு அப்பால் தெரியும் இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போன இடத்துக்குக் கை தானாகப் போகும். தடத்தில் இதற்காகவே, ஒரு வளைவில் இருக்கும்போது அடுத்த வளைவின் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்.

முப்பந்தல் எழுதியது:

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? ஆடி மாதத்தில் காற்றாலைகள் சுழலும்போது சிறிய கார் பக்கவாட்டில் தள்ளாடும்.

பேச்சிப்பாறை எழுதியது:

அதை நான் சொல்கிறேன், தம்பி. காற்று அடிக்கும்போது ஆபத்து குறைவு. காற்று நிற்கும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். லாரியை முந்தும்போது லாரி காற்றை மறைத்துக்கொள்ளும். நீ அதுவரை காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருந்த ஸ்டீயரிங் அப்போது உன்னை லாரிப் பக்கம் கொண்டுபோகும். லாரியைத் தாண்டியதும் காற்று மறுபடி அறையும். அதனால் கணவாயில் வேகத்தைக் குறை, முந்துவதைத் தவிர், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடி.

வேளிமலை எழுதியது:

அண்ணாச்சி எழுதிய இந்த ஐந்து வரிக்கு எந்தப் பள்ளியிலும் கட்டணம் வாங்கலாம்.

ரப்பர்க்காடு எழுதியது:

வளைவுகளைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். எங்கள் கீரிப்பாறைப் பக்கம் சாலை முழுக்க வளைவுதான். மழைக்காலத்தை விடுங்கள், மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். காலைப் பனியில் நனைந்த இலை சாலையில் படிந்து கிடக்கும். அதன்மேல் டயர் ஏறினால் பிடிப்பே இருக்காது. ரப்பரை வளர்க்கிறவனுக்கே ரப்பர் வழுக்குகிறது.

வேளிமலை எழுதியது:

பிற்பகல் முழுவதும் இதுதான் பாடம். ஒரு டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. கையில் இருக்கும் நூறு ரூபாய் போல. பிரேக்குக்கு எண்பது ரூபாய் செலவழித்தால் திரும்புவதற்கு முழு நூறு கிடைக்காது. அதனால் பிரேக் பிடிக்கும் வேலையை நேரான பகுதியிலேயே முடித்துவிட்டு, வேகம் குறைந்த பின் திரும்ப வேண்டும். வளைவின் வெளிவாசல் கண்ணுக்குத் தெரிந்து ஸ்டீயரிங் நேராகத் தொடங்கியதும்தான் ஆக்சிலரேட்டர். நனைந்த இலைமேல் அந்த நூறு ரூபாயே முப்பதாகக் குறைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளவே கூடாது.

தண்ணீர் தெளித்த ஒரு பகுதியில் இதைச் செய்து காட்டினார்கள். நம் ஊரில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. வேகம் கூடினால் முன்பக்கம் வழுக்கி, திருப்பியும் திரும்பாமல் வெளிப்புறமாகப் போகும். உடனே நம் கை இன்னும் திருப்பப் பார்க்கும். அது பயனற்றது. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, திருப்பியதைக் கொஞ்சம் குறைத்தால் டயர் மறுபடி பிடிக்கும். மனம் ஒப்பாத செயல் இது. அதனால்தான் பழக வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தடத்தில் வெளியோரத்திலிருந்து வந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்குப் போகும் பாதையைக் கற்றுத்தருவார்கள். அங்கே எதிரில் வண்டி வராது. குலசேகரம் சாலையில் அதைச் செய்கிறவர் எதிர்ப்புறத்தில் வருகிறவரின் உயிரோடு விளையாடுகிறார். நம் பாதிச் சாலைக்குள், உள்ளோரத்தை அவசரப்பட்டு வெட்டாமல் சற்றுத் தாமதித்துத் திரும்பினால் வளைவுக்கு அப்பால் கூடுதல் தூரம் தெரியும். ஊருக்குக் கொண்டுவர வேண்டியது அந்த ஒரு பகுதியை மட்டும்.

முப்பந்தல் எழுதியது:

அண்ணா, இப்படி வகுப்பில் தொடங்கிப் பெரிய ஓட்டுநரானவர்கள் இருக்கிறார்களா? எனக்குப் பந்தயத்திலும் ஆசை உண்டு.

வேளிமலை எழுதியது:

நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 1992இல் பிரான்சு நாட்டு வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போய்ப் பயின்றவர். 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். ஆசை இருப்பது நல்லது, தம்பி. ஆனால் புதியவர் வகுப்பில் கலந்துகொண்டதாலேயே போட்டிக்குத் தகுதி வந்துவிடாது. அதற்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் உரிமம் வேண்டும். முதலில் கொடிகளைப் படித்துக்கொள்: மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது.

குழித்துறைக்காரன் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். தடத்துக்கு அனுப்புவதில் எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பிரேக் பயிற்சியை மட்டும் இங்கேயே செய்ய முடியாதா? என் மகனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கல்லூரி மைதானம் ஏதாவது போதுமா?

வெட்டூர்ணிமடம் எழுதியது:

மைதானம் வேண்டாம். மண்ணும் சரளையும் உள்ள தரையில் ஏபிஎஸ் கார் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். பூட்டிய சக்கரம் மண்ணைக் குவித்துக்கொண்டு நிற்கும். ஏபிஎஸ் அதைப் பூட்ட விடாது. அங்கே பழகினால் தவறான கணக்கு மனத்தில் பதியும். தார் அல்லது கான்கிரீட் போட்ட, மூடிய வளாகம் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு நூறு மீட்டர் நீளம் இருந்தால் போதும். சுற்றிலும் மரமோ கம்பமோ நெருக்கமாக இருக்கக் கூடாது.

தக்கலை டீச்சர் எழுதியது:

நாகர்கோவில் புறவழிப் பக்கம் பெரிய திருமண மண்டபங்களின் வாகன நிறுத்துமிடங்கள் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் காலியாகத்தானே கிடக்கின்றன? ஒரு மண்டபத்து உரிமையாளர் எங்கள் பள்ளி மாணவியின் தந்தை. நான் கேட்டுப் பார்க்கிறேன்.

பேச்சிப்பாறை எழுதியது:

கேளுங்கள் டீச்சர். அனுமதி கிடைத்தால் நான் வருகிறேன். ஒரு காரில் ஓட்டுபவரையும் கற்றுத்தருபவரையும் தவிர யாரும் ஏறக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓட வேண்டும். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்கட்டும். அந்த ஒழுங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெட்டூர்ணிமடம் எழுதியது:

கூம்புகளும் காற்று அளவுமானியும் என் பொறுப்பு. வருகிற கார் ஒவ்வொன்றையும் டயர், பிரேக் ஆயில், விளக்கு பார்த்துவிட்டே உள்ளே விடுவேன். தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் சுருண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு வாருங்கள். காருக்குள் தண்ணீர்ப் புட்டி உருளக் கூடாது. செருப்பு வேண்டாம், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு வாருங்கள்.

வேளிமலை எழுதியது:

மழை இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குவோம். பிரேக்கும் உட்காரும் முறையும் மட்டும். வளைவுப் பாடம் எதுவும் வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். கோவை வகுப்புக்கே போக விரும்புகிறவர்கள் நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் போங்கள், காரை ஓட்டிக்கொண்டு போய்க் களைத்த கண்ணோடு தடத்தில் இறங்காதீர்கள். குழித்துறைக்காரர் மகனோடு வரும்போது எந்தக் கார் என்று முன்கூட்டி எழுதுங்கள். 2019க்கு முந்தைய காராக இருந்தால் ஏபிஎஸ் இல்லாமல் இருக்கலாம். அதில் சக்கரம் பூட்டும். பிரேக் மிதிக்கும் முறையும் வேறு. அவர்களைத் தனியாக, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து தொடங்க வைக்கலாம்.

குழித்துறைக்காரன் எழுதியது:

பழைய கார்தான். ஏபிஎஸ் கிடையாது. மகனோடு நானும் ஓட்டிப் பார்க்கிறேன். நாள் முடிவானதும் இங்கேயே எழுதுங்கள்.